அறுபடாத இசை: கையடக்க இசைப்பெட்டியும் கோப்புகளின் இடைவெளியும்

கச்சேரி மேடையில் பாடகர் சிறிது ஓய்வெடுப்பார். மிருதங்க வித்வான் சுருதி சரிபார்ப்பார். வயலின்காரர் வில்லைத் தாழ்த்துவார். தம்புரா மட்டும் ஓய்வதில்லை. ராக ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடைக் கணத்திலும், தானம் முடிந்து பல்லவி எடுக்கும் கணத்திலும் அதன் நாதம் இழையறாது ஒலித்துக்கொண்டே இருக்கும். அக்கச்சேரியைப் பதிவு செய்து, ராகம் ஒரு கோப்பு, தானம் ஒரு கோப்பு, பல்லவி ஒரு கோப்பு எனப் பிரித்து, எம்பி3 பிளேயர் என வழங்கும் கையடக்க இசைப்பெட்டியில் ஏற்றிக் கேட்போமாயின், கோப்பு மாறும் இடந்தோறும் தம்புரா ஒரு கணம் அற்று, மீண்டும் தொடங்குவதை உணரலாம். சில பெட்டிகளில் அது கண் இமைக்கும் நேரம். சிலவற்றில் அரை விநாடிக்கும் மேல். மேடையில் நிகழாத ஒன்று நம் காதில் நிகழ்கின்றது.

இக்குறை நம் நாட்டு இசைக்கு மட்டும் உரியதன்று. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமலேயே நான்காம் பகுதிக்குள் பாய்கின்றது. மெண்டல்சன் இயற்றிய ஈ மைனர் வயலின் கன்செர்ட்டோவில், முதற்பகுதி முடிந்த பின்னும் பசூன் என்னும் துளைக்கருவி ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பகுதிக்குக் கேட்போரை இட்டுச் செல்கின்றது. பீட்டில்ஸ் குழுவினர் 1969இல் வெளியிட்ட ‘அபே ரோடு’ தொகுப்பின் இரண்டாம் பக்கத்திலும், பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் பாட்டுகள் பல ஒன்றோடொன்று ஒட்டியே அமைந்துள்ளன. இவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக இசைக்கும்போது, இணைப்பு அமைந்த இடத்திலேயே வெட்டு விழுகின்றது.

இவ்வெட்டு எங்கிருந்து வருகின்றது, அதனை நீக்கும் வழி யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். பழைய ஒலிப்பதிவுச் சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இக்குறை கிடையாது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலத்து இசைத்தட்டு, ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கத்தக்கது. அம்மூன்று நிமிடத்திற்குள் ராகத்தை அடக்கிப் பாட வித்வான்கள் பழகிக்கொண்டனர். பக்கம் திருப்பும்போது இசை அறுபட்டதே அன்றி, ஒரு பக்கத்திற்குள் அறுபட்டதில்லை. 1948இல் வந்த நெடுநேர இசைத்தட்டில் பாட்டுகளுக்கு இடையே பள்ளத்தின் சுற்றுகள் அகன்று ஒரு பட்டை தெரியும். ஆனால் பள்ளம் விளிம்பிலிருந்து நடுவரை ஒன்றே. காந்த நாடாவும் அவ்வாறே. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி என்னும் குறுந்தட்டிலும் உள்ளிருந்து வெளியே செல்லும் சுருள் ஒன்றே. ‘ஐந்தாம் பாட்டு’ என்பது அச்சுருளின் இன்ன இடத்தில் தொடங்குகின்றது என்று தட்டின் தொடக்கத்திலுள்ள அட்டவணையில் குறித்து வைத்த ஒரு முகவரியே அன்றி வேறில்லை. நான்காம் பாட்டிலிருந்து ஐந்தாம் பாட்டிற்குச் செல்லும் ஒளிக்கற்றை ஏதொரு வாசலையும் கடப்பதில்லை.

கோப்பு அவ்வாறன்று. ஒவ்வொரு பாட்டும் தனித்தனியே சுருக்கப்பெற்று, தனித்தனியே திறக்கப்பெற்று, தனித்தனியே முடிகின்றது. ஆகவே இடைவெளி, இசை கோப்புகளாகப் பிரிந்தபோது பிறந்த குறை எனலாம்.

சுருக்குதல் அன்று தவிர்க்க இயலாததாக இருந்தது. குறுந்தட்டின் தரத்தில் ஒரு விநாடி இசைக்கு 1,76,400 பைட்டு இடம் வேண்டும். 1998இல் வெளிவந்த எம்பிமேன் எஃப்10 என்னும் இசைப்பெட்டியின் நினைவகம் 32 மெகாபைட்டு. சுருக்காத இசை அதில் மூன்று நிமிடத்திற்கே போதும். அதாவது கௌஹர் ஜான் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம்! எம்பி3 முறையில் விநாடிக்கு 128 கிலோபிட்டு அளவாகச் சுருக்கினால் அதே நினைவகத்தில் அரை மணிக்கும் சற்று மேலாக இசை அடங்கியது. எம்பி3 உலகெங்கும் பரவியதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும்.

மூட்டையும் பதரும்

எண்முறை ஒலிப்பதிவில் ஒலி அலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பெறுகின்றது. சாம்பிள் எனப்படும் இவ்வளவீடு ஒவ்வொன்றையும் ஒரு நெல்மணி எனக் கொள்வோம். எம்பி3 முறை இம்மணிகளைச் சில்லறையாக ஏற்பதில்லை. 1,152 மணிகள் கொண்ட மூட்டைகளாகவே ஏற்கும். மூட்டை ஒன்று ஒரு விநாடியின் 38இல் ஒரு பங்கு. அதாவது 26 மில்லி விநாடி.

சரியாக ஐந்து நிமிடம் ஒலிக்கும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 1,32,30,000 மணிகள் உள்ளன. 11,484 மூட்டைகள் நிரம்பிய பின் 432 மணிகள் எஞ்சும். அவற்றுக்காக இன்னொரு மூட்டை வேண்டும். அம்மூட்டையோ குறையாக இருத்தல் ஆகாது. எனவே சுருக்கும் நிரல், எஞ்சிய 720 மணிகளின் இடத்தில் பதரை நிரப்புகின்றது. பதர் என்பது இங்கே நிசப்தம். இசைக்கும்போது அந்நிசப்தமும் இசையோடு சேர்ந்தே வெளிப்படும். அதன் நீளம் 16 மில்லி விநாடி.

இது வால்புறத்துப் பதர். தலைப்புறத்திலும் பதர் உண்டு; அதன் காரணம் சற்று நுட்பமானது. எம்பி3 முறை அலையைத் துண்டு துண்டாக வெட்டி ஆராய்ந்தால், துண்டுகள் சேரும் இடமெல்லாம் ‘டிக் டிக்’ என்னும் ஓசை எழும். அதனைத் தவிர்க்க, ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டின்மேல் பாதியளவு படியுமாறு அமைக்கப்பெறுகின்றது. ஓடு வேயும்போது ஓர் ஓட்டின் விளிம்பு மற்றோர் ஓட்டின்மேல் படிவது போல. விரித்துப் படிக்கும்போது இரண்டு துண்டுகளும் கூடினால்தான் உண்மையான அலை கிடைக்கும். முதல் துண்டிற்கு முன்னால் துணையாக வேறு துண்டு இல்லை. ஆதலின் முன்னே சிறிது நிசப்தத்தை வைத்தே தொடங்க வேண்டியுள்ளது. பலரும் பயன்படுத்தும் லேம் என்னும் சுருக்கும் நிரல், வழக்கமாக 576 மணிகள் அளவு தாமதத்தைச் சேர்க்கின்றது. விரிக்கும் நிரலின் வடிகட்டிகள் மேலும் 529 மணிகள் தாமதிக்கும். இரண்டும் சேர்ந்து 1,105. நேரத்தில் 25 மில்லி விநாடி.

எனவே முன்பாட்டின் வாலில் 16, பின்பாட்டின் தலையில் 25, ஆக 41 மில்லி விநாடி நிசப்தம் ஒவ்வொரு சந்தியிலும் புகுகின்றது. வாலின் பதர் பாட்டுக்குப் பாட்டு மாறுபடும். தலையின் பதர் ஏறக்குறைய மாறாதது.

நாற்பத்தொரு மில்லி விநாடி அற்பம் அன்றோ எனச் சிலர் கருதலாம். சீரான இரைச்சலின் நடுவே 2 அல்லது 3 மில்லி விநாடி வெறுமை தோன்றினாலும் குறையற்ற செவி அதனைக் கண்டுகொள்ளும் என்பது கேள்விப்புலன் ஆராய்ச்சியில் நன்கு நிறுவப்பட்டது. இடையறாத தம்புரா நாதமும் அத்தகைய சீரான பின்புலமே. தாளத்தைக் கொண்டு நோக்கினாலும் குறை புலப்படும். நிமிடத்திற்கு 80 அட்சரம் நடையில் ஓர் அட்சரம் 750 மில்லி விநாடி. சதுச்ர நடையில் ஒரு மாத்திரை அதில் கால் பங்கு, அதாவது 187 மில்லி விநாடி. இச்சந்தியில் மாத்திரையின் ஐந்தில் ஒரு பங்கு மிகுந்துவிடுகின்றது. தனி ஆவர்த்தனம் தனிக் கோப்பாக இருந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பவர் இருப்பாராயின், அவர் கை தானே தடுமாறும்.

பதரைப் பிரித்தெடுத்தல் கடினமான செயலன்று; எத்தனை மணி பதர் என்பது தெரிந்தால் போதும். ஆனால் 1993இல் வெளியான எம்பி3 தர ஏட்டில், அதனைக் குறித்து வைப்பதற்கு இடமே ஒதுக்கப்பெறவில்லை. மூட்டை இருந்தது, மூட்டையின்மேல் சீட்டு இல்லை. பின்னர் லேம் நிரலை ஆக்கியோர் தாமே ஒரு சீட்டை அமைத்தனர். கோப்பின் முதல் மூட்டையில் இசையை வைக்காமல், தலையில் எத்தனை, வாலில் எத்தனை என்னும் இரண்டு எண்களையும் பிற விவரங்களையும் அதில் எழுதினர். அவ்விரு எண்களுக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட இடம் மூன்றே பைட்டு! ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் நிரல் வேறொரு வடிவில் தன் சீட்டை எழுதுகின்றது. சீட்டு எழுதப்பெற்றிருந்து, இசைப்பெட்டி அதனைப் படித்தும் பார்க்குமாயின், பதர் ஒரு மணியும் மிகாமல் குறையாமல் நீக்கப்பெறும். இரண்டில் ஒன்று தவறினாலும் இடைவெளி இருந்தே தீரும். ஒரே கோப்பு ஒரு பெட்டியில் ஒட்டியும் இன்னொன்றில் அறுபட்டும் ஒலிப்பதன் காரணம் இதுவே.

பெட்டியின் பங்கு

கோப்பிலுள்ள பதரை முற்றும் நீக்கிய பின்னும் அரை விநாடி வெறுமை கேட்குமாயின், குற்றம் பெட்டியினுடையது. எளிய அமைப்புள்ள பெட்டி, ஒரு கோப்பு முடிந்த பின்னரே அதனை மூடி, ஒலி வெளியேறும் மின்சுற்றையும் நிறுத்தி, அடுத்த கோப்பைத் தேடித் திறந்து, அதன் தலைப்பையும் அட்டைப் படத்தையும் படித்து, பிறகே இசையை விரிக்கத் தொடங்கும். குழாயில் நீர் நின்ற பின் மேல்தொட்டியை நிரப்பப் புறப்படுவது போன்றது இது. சீரிய பெட்டியோ, முன்பாட்டு முடியச் சில விநாடிகள் இருக்கும்போதே அடுத்த கோப்பைத் திறந்து விரித்து, பஃபர் எனப்படும் நினைவகத் தொட்டியில் நிரப்பி வைத்துக்கொள்ளும். முன்பாட்டின் கடைசி மணியை அடுத்துப் பின்பாட்டின் முதல் மணி அதே வழியில் வெளியேறும். மின்சுற்று நிற்பதே இல்லை.

இதிலும் ஓர் எல்லை உண்டு. ஒரு கோப்பு விநாடிக்கு 44,100 அளவீடும் அடுத்தது 48,000 அளவீடும் உடையனவாயின், பல பெட்டிகள் தம் கடிகாரத் துடிப்பையே மாற்றியாக வேண்டும். அம்மாற்றத்தின்போது ஒலி நின்று தொடங்கும். ஒரு தொகுப்பிலுள்ள கோப்புகள் யாவும் ஒரே அளவீட்டு வீதத்தில் இருத்தல் இதனால் இன்றியமையாதது.

தயாரிப்பாளர்கள் இக்குறையை உடனே கருத்திற் கொண்டனர் என்று கூற இயலாது. தனிப்பாட்டுகளைக் கேட்போரே பெரும்பான்மையினர் ஆதலின், தொடர்ந்த இசையைக் கேட்போரின் முறையீடு எடுபடவில்லை போலும். 2003இல் வந்த ரியோ கார்மா என்னும் பெட்டி இடைவெளியின்றி இசைத்தது. 2001 அக்டோபரில் அறிமுகமான ஐபாடு அவ்வாற்றலைப் பெற 2006 செப்டம்பர் வரை ஆயிற்று. இதற்கிடையே ராக்பாக்ஸ் என்னும் பெயரில் தன்னார்வ நிரலாளர்கள் பலவகைப் பெட்டிகளுக்கும் புதிய இயக்க நிரலை எழுதி இலவசமாக வழங்கினர். தயாரித்தவர் தராத வசதியைப் பழைய பெட்டிகள் பல இவ்வாறே பெற்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு கோப்பின் முடிவோடு அடுத்ததைப் பிணைக்கும் வசதி 2012இல் வந்த 4.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பெற்றது. ஐபாடு உற்பத்தி 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

மருந்து போல் தோன்றும் சில

பெட்டிகளின் அமைப்புப் பட்டியலில் ‘கிராஸ்ஃபேடு’ என்றொரு வசதி காணப்படும். முன்பாட்டின் இறுதிச் சில விநாடிகளைத் தேய்த்து, பின்பாட்டின் தொடக்கத்தை அதன்மேல் ஏற்றி ஒலிப்பது அதன் முறை. இடைவெளி மறைவது மெய்யே. ஆனால் சந்தியில் இரண்டு தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்கும். விருந்துக் கூடத்தில் பாட்டு போடுவோருக்கு இது உதவலாம். கச்சேரிப் பதிவிற்கு இது கேடு. நிசப்தத்தைக் கண்டறிந்து வெட்டி எறியும் நிரல்களும் நம்பத்தக்கன அல்ல. எது பதர், எது வித்வான் வேண்டுமென்றே விட்ட இடம் என்று அவற்றுக்குத் தெரியாது. வீணையின் ஒரு மீட்டு மெல்லத் தேய்ந்து மறையும் வாலையும் அவை கொய்துவிடும்.

எம்பி3 கோப்பை ஃபிளாக் முதலிய இழப்பற்ற வடிவிற்கு மாற்றினால் குறை தீரும் என்று எண்ணுவோரும் உளர். மாற்றும்போது சீட்டைப் படித்துப் பதரை நீக்காவிடின், பதரும் நெல்லாகவே கணக்கிடப்பெற்றுப் புதிய கோப்பில் நிலைத்துவிடும். பிறகு எந்தப் பெட்டியாலும் அதனைப் பிரித்தறிய இயலாது.

ஒலியின் உரப்பைச் சமப்படுத்தும் வசதியிலும் ஒரு கண் வைத்தல் வேண்டும். மெல்லிய ஆலாபனையையும் உரத்த தனி ஆவர்த்தனத்தையும் தனித்தனியே சமப்படுத்தினால், சந்தியில் இடைவெளி இராது. ஆயினும் தம்புரா திடீரென உயர்ந்தோ தாழ்ந்தோ ஒலிக்கும். தொகுப்பு முழுமைக்கும் ஒரே அளவான திருத்தத்தைச் செய்யும் ‘ஆல்பம்’ முறையைத் தேர்ந்துகொள்ளுதல் இதற்குப் பரிகாரம்.

கோப்பு வடிவங்களுள் ஃபிளாக் இக்குறைக்கு இடமளிப்பதில்லை. மொத்த மணிகளின் எண்ணிக்கை அதன் தலைப்பில் எழுதப்பெறுகின்றது. கடைசி மூட்டை குறையாக இருக்கலாம் என்பதும் அதன் விதி. ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகிய இரண்டும் எம்பி3 போல இழப்புடன் சுருக்குவனவே. எனினும் உண்மை நீளத்தைக் குறிக்கும் ஏற்பாடு அவற்றின் விதியிலேயே அமைந்துள்ளது. ஏஏசி வடிவிற்கு 1,024 மணி மூட்டை. ஆப்பிள் நிரல் ஆக்கும் ஏஏசி கோப்பின் தலைப்புறத்தில் வழக்கமாக 2,112 மணிகள் பதர். ஆதலின் அதற்கும் சீட்டு தேவை. எம்பி3தான் வேண்டுமெனின், தொகுப்பின் கோப்புகளை ஒன்றாகவே லேம் நிரலிடம் அளித்து, அதன் ‘நோகேப்’ கட்டளையைச் சேர்த்துச் சுருக்குவது நலம். அப்போது ஒரு கோப்பின் முடிவை அடுத்ததன் தொடக்கம் அறிந்தே சுருக்கப்பெறும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

தம் பெட்டி எத்தகையது என்பதை வாசகர் தாமே சோதித்தறியலாம். ஆடாசிட்டி என்னும் இலவச நிரலில் 441 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள சீரான ஒலியை 40 விநாடி அளவிற்கு உண்டாக்குக. நடுவில் ஏதேனும் ஓரிடத்தில் அதனை இரண்டாக வெட்டி, 1, 2 என எண்ணிட்டு, ஒருமுறை ஃபிளாக் வடிவிலும் ஒருமுறை எம்பி3 வடிவிலும் சேமித்துப் பெட்டியில் ஏற்றுக. செவிக்கருவி அணிந்து, முதற் கோப்பைத் தொடக்கத்திலிருந்தே கேட்டல் வேண்டும். கடைசி விநாடிக்குத் தாவினால், அடுத்த கோப்பை ஆயத்தப்படுத்தப் பெட்டிக்கு நேரம் இராது.

ஃபிளாக் கோப்புகளின் சந்தி தெரியாமற் சென்றால் பெட்டி நன்று. ஃபிளாக் ஒட்டி ஒலித்து, எம்பி3 மட்டும் ஒரு சிறு துள்ளலோடு அறுபட்டால், சீட்டு எழுதப்பெறவில்லை அல்லது படிக்கப்பெறவில்லை என்று கொள்க. இரண்டிலும் நீண்ட வெறுமை தோன்றினால், முதலில் அமைப்புப் பட்டியலில் ‘கேப்லெஸ்’ என்னும் விசை இருக்கின்றதா எனப் பார்க்க. இல்லையேல் வேறு நிரலையோ வேறு பெட்டியையோ நாடுவதன்றி வழியில்லை. சந்தியில் மிக நுண்ணிய ‘டிக்’ மட்டும் எழுமாயின், அது பெரும்பாலும் தனித்தனியே சுருக்கிய எம்பி3யின் விளிம்புப் பிழை. இசையில் அது எளிதில் புலப்படாது.

இதுகாறும் கூறியவை வாங்கிய இசைக்கு. வீடுகளிலும் சபாக்களிலும் கேசட்டாகவும் சுருள் நாடாவாகவும் கிடக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. வாங்கிய தொகுப்பு பழுதானால் மீண்டும் வாங்கலாம். நாடாவிற்கு வேறு படி பெரும்பாலும் இராது. அதனைப் பாட்டுப் பாட்டாக வெட்டி எம்பி3 ஆக்கி, நாடாவையும் எறிந்துவிட்டால், சந்திகள் என்றென்றைக்கும் அறுபட்டே கிடக்கும். 32 மெகாபைட்டுக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று மூன்று மணி நேரக் கச்சேரி முற்றும் சுருக்காத நிலையில் 1,905 மெகாபைட்டு. 128 கிகாபைட்டு அட்டை ஒன்றில் அத்தகைய கச்சேரிகள் அறுபதுக்கும் மேல் அடங்கும். ஃபிளாக் வடிவில் இன்னும் மிகுதியாக அடங்கும்.

ஆதலின் நாடாவின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஃபிளாக் கோப்பாக வெட்டாமல் வைத்துக்கொண்டு, பாட்டுகள் தொடங்கும் இடங்களைக் ‘கியூ ஷீட்’ எனப்படும் தனிக் குறிப்பில் எழுதி உடன் வைத்தலே தக்கது. இது குறுந்தட்டின் அட்டவணையை ஒத்தது. சாதாரண எழுத்துக் கோப்பு ஆதலின் எவரும் திறந்து படிக்கவும் திருத்தவும் இயலும். ராக்பாக்ஸ் நிரல் ஏற்றிய பெட்டிகள் இக்குறிப்பைப் படித்து, கோப்பை வெட்டாமலேயே பாட்டுக்குப் பாட்டு தாவவும் செய்யும். நேரத்தை நிமிடம், விநாடி, விநாடியின் 75இல் ஒரு பங்கு என்னும் முறையில் எழுதுதல் மரபு. குறுந்தட்டில் ஒரு விநாடிக்கு 75 பகுதிகள் இருந்ததன் எச்சம் அது. தானம் 22ஆம் நிமிடம் 17ஆம் விநாடிக்கு மேல் 30 பகுதிகள் கழித்துத் தொடங்குமாயின் 22:17:30 என்று எழுதுக.